கூம்பு ஸ்பீக்கரில் கேட்ட நிசப்தம்

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி என் இசைத்தட்டுகளில் ஒன்றை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஓரத்தைப் பிடித்திருந்தால் சும்மா இருந்திருப்பேன். கட்டைவிரலைச் சரியாக ஆலாபனையின் மேல் வைத்துப் பிடித்தார்.

"ஐயா, ஓரத்தைப் பிடிங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அடுத்த வரிசையில் நின்றவர் தன் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னது இது?"

"நாகஸ்வரம்."

"அதைக் கேக்க அங்கேருந்து இங்க வருவாங்க. நீங்க அங்கேருந்து இங்க தூக்கிட்டு வர்றீங்களா?" என்றவர், தலையை ஆட்டிக்கொண்டே போகச் சொல்லிவிட்டார். நியாயமான கேள்விதான். நான்கு நாள் விடுமுறை போட்டு, சிங்கப்பூரிலிருந்து செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஒருவன் நாகஸ்வரம் சுமந்து வருவதற்குக் காரணம் சொல்லத்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் நாங்கள் நால்வர் சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி இசைத்தட்டு கேட்போம். கேட்பது கொஞ்சம், துடைப்பது அதிகம். எங்கள் மனைவிமார் இதற்குத் தட்டு துடைக்கும் சங்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு கும்பாபிஷேகத்துக்கு அங்கே வாசிக்க வந்த சம்பந்தம் என்ற மதுராந்தகத்துப் பக்கத்து வித்வானை, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் உட்காரவைத்துப் பதிவு செய்தோம். அதை எல்பி தட்டாகவே போடுவது என்று முடிவு. உலகமே குறுந்தகட்டுக்கு மாறி முடித்திருந்த சமயம் அது. எங்களை யாரும் தடுக்கவில்லை.

ஐரோப்பாவில் தட்டு அடிக்கும் ஒரு தொழிற்சாலை இரண்டு மாதிரித் தட்டுகளை அனுப்பியது. அச்சு ஒன்றே, எடை ஒன்றே, லேபிள் கூட ஒன்றே. வித்தியாசம் பிளாஸ்டிக்கில். A என்பது புத்தம்புதுக் குருணையில் அடித்தது. B என்பது பாதி புதுசு, பாதி விற்காத பழைய தட்டுகளை அரைத்துச் சேர்த்தது. புது மாவில் வார்த்த தோசைக்கும், நேற்று மிஞ்சிய உப்புமாவைக் கரைத்து வார்த்த தோசைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூள் சரியாகக் கரையாத இடத்தில் முள் இடறும், சொரசொரப்பு எழும். புதுக் குருணைக்கு விலை கூடுதல்.

சங்கத்தில் சேது என்று ஒருவன். எதையும் நம்பாதவன், மழை பெய்தால் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் மழை என்பான். "குருணையாவது குருணையாவது! வித்வான் எழுத்தைப் பார்க்காமல் கேட்கட்டும். வித்தியாசம் தெரிந்து A-ஐக் காட்டினால் A அடிப்போம். இல்லையென்றால் B. திங்கள் காலை தொழிற்சாலையில் மெஷின் ஓடும், ஞாயிறு சாயங்காலம் இந்திய நேரம் ஐந்துக்குள் எனக்குச் சொல்லிவிடு" என்றான்.

"வித்வான் எதுக்கு? முள்ளை வைத்த பத்தாவது வினாடியில் நானே சொல்வேன்" என்றேன் நான். சங்கத்தில் எனக்குத் தங்கக் காது என்று பட்டம். பட்டத்தைக் கொடுத்தவனும் நானே.

வெள்ளிக்கிழமை மதியம் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். வேலை மதுராந்தகத்தில் என்றாலும் கடலை விட்டுவிட்டு யார் அங்கே தங்குவார்கள்? ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சிற்பக் கூடம். ஐந்து உளிகள், ஐந்து தாளத்தில். சிங்கப்பூரில் பக்கத்து வீட்டில் ஆணி அடித்தாலே நகராட்சிக்குப் புகார் எழுதுகிறவன் நான். இங்கே மேனேஜரிடம் கேட்டேன், எப்போது நிறுத்துவார்கள் என்று. "பல்லவர் காலத்துலேர்ந்து அடிச்சிகினு கீறாங்க சார், எனக்குத் தெரிஞ்சி நிறுத்தல" என்றார்.

கடற்கரைக் கடையில் சங்கரா மீன் வறுவல் தின்றேன். மிளகாய் கண்ணில் தண்ணீராக வந்தது. இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தோடு அறைக்குத் திரும்பியவன், தட்டுகளுக்கும் ஒரு விருந்து வைப்போம் என்று உட்கார்ந்தேன். தொழிற்சாலை அவற்றைச் சாதாரணக் காகித உறையில் அனுப்பியிருந்தது. காகிதம் உராயும், தூசி உதிரும், நிலைமின்சாரம் ஏறும். என்னிடம் விசேஷ உறைகள் இருந்தன, அரிசித்தாள் போல மெல்லியவை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மின்விசிறியை நிறுத்தி, மூச்சை அடக்கி, இரண்டு தட்டுகளையும் உருவித் துடைத்துப் புது உறைகளுக்கு மாற்றினேன். காகித உறைகளை ரூம்பாய் வேலை பார்க்கும் ஏழுமலை என்ற பெரியவர் குப்பையோடு எடுத்துப் போனார்.

ஏழு மணிக்கு ரிசப்ஷனில் சேதுவின் போன். "A-யும் B-யும் பத்திரமா?"

"குழந்தை மாதிரி வச்சிருக்கேன்" என்றேன். போனை வைத்தேன். மாடி ஏறினேன். மூன்றாவது படியில் கால் நின்றது.

A, B என்ற எழுத்துகள் தட்டில் இல்லை. லேபிளில் இல்லை. பென்சிலால் காகித உறையில் மட்டும்தான் எழுதியிருந்தது.

ஓடினேன். ஏழுமலை உறைகளை இன்னும் எறியவில்லை. மடித்து, ஆடுகிற அலமாரிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். உறைகள் கிடைத்துவிட்டன, அழகான பென்சில் எழுத்தில் ஒன்று A, ஒன்று B. எந்தத் தட்டு எதிலிருந்து வந்தது என்று அவற்றிடம் கேட்க முடியுமா? கட்டிலில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கறுப்புத் தட்டுகள். பெற்றவனுக்கே அடையாளம் தெரியவில்லை. வித்வான் ஒன்றைக் காட்டி இதுதான் நல்லது என்பார். அது A-ஆ B-ஆ என்று சேது கேட்பான். நான் கடலைப் பார்ப்பேன். தூசிக்குப் பயந்து உறை மாற்றும் அறிவாளி உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்தில் கிடைப்பான்!

தப்பிக்க ஒரே வழி, வித்வானுக்கு முன்னால் நானே போட்டுக் கேட்டு அடையாளம் கண்டுவிடுவது. பத்து வினாடி வேலை. வேண்டியது ஒரு பிளேயர்.

சனிக்கிழமை காலை பொங்கலைக்கூட முடிக்காமல் கிளம்பினேன். கோவில் தெருவில் ஒரு கடை வாசலில் பித்தளைப் புனல் வைத்த கிராமபோன் மினுக்கியது. கடைக்காரர் என் பார்வையைப் பிடித்துவிட்டார். "வா சார், வெள்ளக்காரன் காலத்துப் பொட்டி. ஓடுது, பாக்கிறியா? அந்தத் தட்டைக் குடு."

அவர் கையில் ஆணி இருந்தது. முள் என்று அவர் சொன்னார். படம் மாட்டலாம் அதில். தட்டைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். "இன்னா சார், அவ்ளோ பயமா? பொட்டி கடிக்காது" என்ற குரல் தெருக்கோடி வரை வந்தது.

என் அலைச்சலைப் பார்த்த ஆட்டோக்காரர் ஒருவர், கோவளத்தில் தன் மச்சான் வீட்டில் பாட்டுப் பெட்டி இருப்பதாகச் சத்தியம் செய்தார். கடலோரச் சாலையில் பறந்தோம். எங்கள் ஊரில் டாக்சி இருபுறமும் கோட்டுக்குள் போகும். இவருக்குக் கோடு என்பது ஒரு அபிப்பிராயம். பேருந்து எதிரே வரும்போதெல்லாம் நான் தட்டுகளை மார்போடு அணைத்தேன். செத்தால் வளையாமல் சாகட்டும்.

பெட்டி இருந்தது. மேசை உயரத்துக்குத் தேக்கு மரத்தில், மூடி வைத்த அருமையான ரேடியோகிராம். நான் மூடியைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு கோழி என்னை முறைத்தது.

"மூடு மூடு, காத்து படும்" என்று மச்சான் பதறினார். "அடை காத்துகினு கீது. இன்னும் நாலு நாளு."

"கோழியைக் கொஞ்ச நேரம் வேறு இடத்தில் உட்கார வைக்க முடியாதா?"

"உன்ன வூட்டைவுட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போன்னா போவியா?"

ஆட்டோக்காரர் என் பக்கம் திரும்பி, "ஆனா பொட்டி கீதுல்ல? நான் பொய் சொல்லல" என்றார். மறுக்க முடியவில்லை. மச்சான் வீட்டில் கொடுத்த இறால் தொக்கும் சோறும் என் வயிற்றில் வேறு எந்த வாதத்துக்கும் இடம் வைக்கவில்லை.

மாலையில் தோல்வியோடு சம்பந்தம் வித்வானுக்குப் போன் செய்து, பிளேயர் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "அதுக்கா சார் பேஜாரு? நாளைக்கு எங்க ஊர்ல அம்மனுக்குக் கூழு. மைக் செட்டு முனுசாமி வருவான். அவங்கிட்ட ரெக்கார்டு பொட்டி கீது. எடுத்துகினு வாங்க, ஊரோட கேக்கலாம்."

மைக் செட். இரண்டு கூம்பு ஸ்பீக்கர். என் வீட்டில் ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை நூல் பிடித்து அளந்து வைத்திருக்கிறேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்கள். உண்மையில் இறால் தொக்கின் புண்ணியத்தில் குறட்டை விட்டுத் தூங்கினேன்.

ஞாயிறு காலை செங்கல்பட்டு வழியாக மதுராந்தகம் போகும் பஸ். ஆடிக் கூட்டம். எனக்குக் கிடைத்த இடம் டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடிக்கு அருகே. அதில் இட்லி வேகவைக்கலாம். எல்பி தட்டு சூட்டில் வளையும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு சூட்டில் அப்பளமாகச் சுருண்டு பொரியும் என்பதை நான் மனக்கண்ணில் பார்த்தேன். பையைத் தலைக்கு மேல் தூக்கினேன். கை வலித்தது. கண்டக்டர், "சாமி கும்பிட்றதுக்கு இன்னும் ஸ்டாப்பு வரல, கைய எறக்கு" என்றார்.

எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள். "இன்னாபா அது, கண்ணாடியா?"

"ரெக்கார்டும்மா. சூடு ஆகாது."

"இப்படி குடு." கூடையில் ஈரத்துணி போர்த்திய மல்லிகை. அதன் மேல் பையைக் கிடத்தினாள். "பூவே வாடாது இதுல. உன் தட்டு இன்னா ஆவப் போவுது?"

மதுராந்தகம் வரை என் தட்டுகள் மல்லிகை மெத்தையில் வந்தன. நான் நின்றுகொண்டு வந்தேன்.

ஊரை விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஷேர் ஆட்டோ ஏரிக்கரையில் திரும்பியதுமே சத்தம் வந்து வரவேற்றது. அம்மன் கோவிலுக்கு முன்னால் மூன்று பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ். பனைமரத்தில் எதிரெதிராகக் கட்டிய இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள். வேப்பிலைத் தோரணம், பகலிலேயே கண்சிமிட்டும் சீரியல் விளக்கு. பட்டு ஜரிகை வேட்டியில் சம்பந்தம் ஓடிவந்து கையைப் பிடித்தார். பக்கத்தில் பெருந்தொப்பையோடு, சட்டைப் பையில் மூன்று பேனாவும் ஒரு டெஸ்டருமாக நின்றவர் முனுசாமி.

முனுசாமிக்கு என் வயதுதான் இருக்கும். புது ஆம்ப்ளிஃபயர், சிடி, ஜெனரேட்டர், எல்லாம் வைத்திருந்தார்; அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரில்லாமல் மொட்டை அடிக்கக்கூட முடியாது என்றார்கள். ஆனாலும் எந்த விசேஷத்துக்கும் முதல் பாட்டு, தொழில் ஆரம்பித்த அன்று போட்ட அதே பிள்ளையார் ரெக்கார்டுதான். அதற்காகவே பிளேயரும் கூட வரும். "சிடில பிள்ளையாரைப் போட்டா அன்னிக்கு ஃபியூஸ் போவுது அண்ணாத்த. ரெண்டு வாட்டி பாத்துட்டேன்."

பிளேயரைப் பார்த்தேன். முள் இருக்கும் தலைக்கு மேல், நழுவாமல் இருக்க, ஒரு ரூபாய் நாணயம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. என் வீட்டு முள் ஒன்றரை கிராம் அழுத்தத்தில் மிதக்கும். இது ஏர் உழும்.

"அதை எடுத்துட முடியாதா?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"எடுத்தா வெடி வெடிக்கறப்போ முள்ளு குதிக்கும். குதிச்சா கீறும். எது வேணும்?"

"எல்பிக்குத் தனி முள்..."

"திருப்பிப் போட்டுக்கீறேன், பாரு. நாங்க இன்னா நேத்து பொறந்தவங்களா?" முள் தலையைத் தூக்கிக் காட்டினார். சரியான முள்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். தனியாகக் கேட்டு அடையாளம் காணும் திட்டம் போயே போய்விட்டது, ஊரோடுதான் கேட்கவேண்டும். பரவாயில்லை, பத்து வினாடி போதுமே.

முதல் தட்டு. முள் இறங்கியது. பனைமரத்திலிருந்து மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு படலம் விரிந்தது. நான் கண்ணை மூடினேன். ஆகா, மண்டபத்தின் காற்று! அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தின் வெளி, ஓடுகள், மூலைகள், எல்லாம் கேட்கிறது! நாகஸ்வரம் எழுந்தது. எனக்குப் புல்லரித்தது. எட்டு வினாடிதான் ஆகியிருக்கும்.

"இதுதான் புதுக் குருணை. இதுதான் A" என்றேன் சத்தமாக. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன். இனி மாறிப்போகக் கூடாது என்று அம்மன் பூசைத் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து, முடிந்ததும் லேபிளில் ஒரு பொட்டும் வைத்தேன். இரண்டு நாள் பயம் அந்தப் பொட்டோடு இறங்கியது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

முனுசாமி இரண்டாவது தட்டைப் போட்டார். முள் இறங்கியது.

ஒன்றும் இல்லை.

கூழ் கிண்டிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்தி, தலையை நிமிர்த்திக் கத்தினாள். "யோவ் முனுசாமி! கரண்டு போச்சா?"

"போச்சுடா!" என்று வரிசையில் சொம்போடு நின்ற ஒருவர் ஆமோதித்தார். நாலைந்து பேர் சீரியல் விளக்கைப் பார்த்தார்கள். அது எரிந்துகொண்டிருந்தது. முனுசாமி டெஸ்டரை உருவிக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் இரண்டு எட்டு வைத்தார்.

அப்போது நாகஸ்வரம் வெடித்தது. வேலியிலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. கூழ் அம்மா, "ஐய, கீதுடா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஒன்றுமில்லாததுதான் புதுக் குருணை. கொஞ்சம் முன்னால் நான் கண்ணை மூடி ரசித்த மண்டபத்துக் காற்று, அரைத்த பழைய தட்டின் தூள்.

சம்பந்தம் எழுந்து பனைமரத்துக்கு நேர் கீழே போய் நின்றார். ஆலாபனையில் ஒரு நீண்ட பிடி முடிந்து சின்ன இடைவெளி வந்தது. கையைத் தூக்கினார். "நிறுத்து. அந்த எடத்தை மறுபடி போடு."

முனுசாமி முள்ளைத் தூக்கி, குத்துமதிப்பாக, அதே இடத்தில் வைத்தார். பிடி முடிந்ததும், பிறகு வந்த அமைதியில், பனைமர உயரத்தில் ஒரு மனிதன் மூச்சு இழுப்பது கேட்டது.

"என் மூச்சு" என்றார் சம்பந்தம் மெதுவாக. அப்புறம், "மொதோ தட்டுல அந்த எடத்தைப் போடு."

போட்டார்கள். பிடி முடிந்தது, ஸ்ஸ்ஸ், அடுத்த பிடி வந்தது. மூச்சைக் காணோம்.

"சார், இதுல நான் மூச்சே வுடல. செத்தவன் ஊதுன மாரி கீது. வாணாம்."

"காத்துன்னு நெனச்சேன்" என்றேன்.

"காத்து இல்ல அண்ணாத்த, மண்ணு" என்றார் முனுசாமி. குங்குமப் பொட்டு வைத்த தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தார், ஓரத்தை மட்டும் பிடித்து. "பாரு, பொடிப் பொடியா மங்கலா. ஒடைச்சி அரைச்சது. இந்தா, இந்த எடத்துல வெள்ளையா ஒரு புள்ளி, லேபிள் காயிதம் கூட சேந்து அரைஞ்சிகீது. ஒரே பாட்டை ரெண்டு கடைல வாங்கினா ஒண்ணு சுத்தமா இருக்கும், ஒண்ணு கடுகு தாளிக்கும். கூம்புல போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும். இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

நான் ஏரியைப் பார்த்தேன்.

மணி மூன்றே முக்கால். வெளிநாட்டுப் போன் பேச மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டு பூத்துக்குத்தான் போகவேண்டும். அதற்குள் விடுவார்களா? கூழ் ஒரு சொம்பு, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, பச்சை வெங்காயம். கூழ் அம்மா, "கரண்டு போச்சுன்னு பயந்துட்டேன், நீ ஒரு சொம்பு குடிச்சாதான் மனசு ஆறும்" என்று ஒரு காரணம் கண்டுபிடித்தாள். எங்கள் ஊர் உணவு அங்காடியில் வரிசையில் நின்று தட்டில் வாங்கித் தின்பவனுக்கு, நின்ற இடத்தில் கையைக் குவித்துக் குடித்த கூழ் மூக்குவரை ஏறியது. இரண்டாவது சொம்பை நானே கேட்டேன். அப்புறம் காலி அண்டா ஏற்றிய மினி லாரியின் பின்னால், உருளும் அண்டாக்களைக் காலால் தடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் காண்டாமணிக்குள் உட்கார்ந்தவன் போல அதிர்ந்துகொண்டு போனேன். பூத்தில் நுழைந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"A" என்றேன் சேதுவிடம். "புதுக் குருணை. அதையே அடிக்கச் சொல்லு."

"யார் சொன்னது?"

"வித்வான். மைக் செட் முனுசாமி. எல்லாருக்கும் முந்திச் சொன்னது கூழ் கிண்டுகிற ஒரு அம்மா. பேர் கேட்க மறந்துட்டேன்."

"அவங்க காட்டினது A-ன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தட்டையே வெயிலில் பிடிச்சுக் காட்டினாங்க. அரைச்ச தூள் கண்ணுக்கே தெரியுது."

"உறையைப் பார்த்தா தெரியப்போகுது. வெயில் எதுக்கு?"

இவனிடம் எதை மறைப்பது? உறை மாற்றியது, அலமாரிக் கால், கோழி, கரண்டு போச்சா என்று அந்த அம்மா கத்தியது, எல்லாவற்றையும் கொட்டினேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"சரி. தங்கக் காது என்ன சொல்லிச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். கடல் கடந்து யார் சாட்சிக்கு வருவார்கள்? வாயைத் திறந்தும்விட்டேன். "B-ஐ A-ன்னு சொன்னேன்டா. கண்ணை மூடி ரசிச்சேன். பொட்டு கூட வச்சேன்."

சேது சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்ப நிஜமாவே வித்தியாசம் இருக்கு" என்றான். இருபது வருடப் பழக்கத்தில் அவன் வாயிலிருந்து சந்தேகமில்லாமல் வந்த முதல் வாக்கியம்.

"எப்படிச் சொல்றே?"

"நீ மட்டும் கேட்டேன்னு சொல்லியிருந்தா, இந்நேரம் B-ன்னு எழுதி அனுப்பியிருப்பேன். கூழ் கிண்டுற அம்மா கேக்கணும்னு நிக்கல, அவங்களுக்கே கேட்டிருக்கு. A அனுப்பறேன். வை போனை." அதற்கப்புறம்தான் சிரித்தான். நான் போனை வைக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

பூத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வூட்ல எல்லாம் நல்லாக்கீறாங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. என் காதுதான் சரியில்லையாம்."

அவர் முகம் இரக்கத்தில் இளகியது. எழுந்து என் பக்கமாகக் குனிந்து, கையை வாயருகே குவித்து, "பரவால்ல சார்! எங்க மாமாவுக்கும் அப்படித்தான்! செங்கல்பட்டுல ஒரு நல்ல டாக்டரு கீறாரு!" என்று கத்தினார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பி, பாவம் என்று என்னைப் பார்த்தார்கள். ஒருவர் தன் பங்குக்கு, "கடலை எண்ணெய் காய்ச்சி ஊத்தச் சொல்லு!" என்று அவரிடம் கத்தினார்.

ஒரு சொல் விடாமல் கேட்டது.